மெஷினுக்கு முன்னால் உள்ள மேசைகள்: ஆடை வடிவமைப்புப் படித்தவருக்கு எங்கே வேலை?

"மகளுக்கு ஃபெஷன் டிசைனிங் படிக்கத்தான் விருப்பமாம். படிச்சிட்டுக் கடைசியில கார்மன்ட்ஸுக்குத்தானே போகோணும்?"

உயர்தரம் முடித்த பிள்ளைகளின் தாய்மாரிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அவர்கள் அப்படிக் கேட்பதில் பிழையில்லை. மீள்குடியேற்றத்தின் பின்னர் வன்னியில் பெண்களுக்கு வாழ்வாதார உதவி என்றால் கோழிக்குஞ்சு, ஆடு, இல்லாவிட்டால் தையல் மெஷின். சில மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு மெஷின். ஒரே ஒழுங்கையில் ஐந்து பேர் தைக்கத் தொடங்கினால் தைக்கக் கொடுப்பவர் யார் என்று திட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. பிறகு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அதிகாலையில் அவற்றின் பஸ்கள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. ஆகவே துணி சார்ந்த வேலை என்றதும் வீட்டு மெஷினும் தொழிற்சாலை மெஷினும்தான் நினைவுக்கு வருகின்றன.

ஆனால் ஏற்றுமதிக்குத் தைக்கப்படும் ஒரு சட்டை, மெஷினுக்கு வருவதற்கு முன்னர் பல மேசைகளைத் தாண்டி வருகிறது. வடிவமைப்பாளர் வரைந்த படத்தைக் கை, கழுத்து, முன்பக்கம், பின்பக்கம் என்று தட்டையான துண்டுகளாக மாற்றுபவர் பேட்டர்ன் மேக்கர். மார்பு வளைவும் தோள் சரிவும் அந்தத் துண்டுகளுக்குள் அடங்க வேண்டும். அதே வடிவத்தைச் சிறிய, பெரிய அளவுகளுக்குக் கணக்குப் போட்டு மாற்றுவதும் இந்த மேசையில்தான். இன்று இவை ஜேர்பர், லெக்ட்ரா போன்ற கணினி மென்பொருள்களில் நடக்கின்றன. பின்னர் அந்தத் துண்டுகளைத் துணியின் மீது இடைவெளி குறைய அடுக்கும் 'மார்க்கர்' வேலை. ஓர் உடுப்பின் செலவில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. ஒரு சட்டையில் சில அங்குலத் துணி மிஞ்சினால், இலட்சம் சட்டைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். அதனால்தான் நல்ல பேட்டர்ன் மேக்கரைத் தொழிற்சாலைகள் இலேசில் விடுவதில்லை.

வெளிநாட்டுக் கொள்வனவாளருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நிற்பவர் மேர்ச்சண்டைசர். விலை பேசுவது, துணியும் பொத்தானும் நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்பது, தாமதமானால் மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்பது எல்லாம் அவர் தலையில். சாயம் போகிறதா, துவைத்தால் சுருங்குகிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்க்கும் துணித் தொழில்நுட்பவியலாளர் இருக்கிறார். முதல் மாதிரியைத் தைப்பவர், தரக் கட்டுப்பாட்டாளர், ஒரு தையலுக்கு எத்தனை நிமிடம் என்று அளக்கும் வேலை ஆய்வு அலுவலர் என்று வரிசை நீளும். க்ளோ போன்ற முப்பரிமாண மென்பொருளில் துணியே வெட்டாமல் மாதிரி காட்டுவதும் இப்போது ஒரு வேலை. ஒன்றை மறைக்கக் கூடாது: இவற்றில் ஆகக் குறைந்த இடங்கள் இருப்பது 'டிசைனர்' கதிரையில்தான். அதை மட்டும் எண்ணிப் படிப்பவர் ஏமாறக்கூடும்.

அரச பல்கலைக்கழகங்களில் இதற்கான முக்கிய வாசல் மொறட்டுவை. அங்கே ஆடை வடிவமைப்பிலும் உற்பத்தி விருத்தியிலும் நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. உயர்தரத்தில் எந்தப் பிரிவில் படித்தவரும் முயலலாம். கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கு இது தெரிவதே குறைவு. இசற் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாமல் வாய்ப்பை விடுபவர்கள் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் வெளிவந்த அன்றே அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அதே பல்கலைக்கழகத்தின் புடைவை, ஆடைப் பொறியியல் வேறு. அதற்குக் கணிதப் பிரிவு வேண்டும்.

தனியார் நிறுவனங்கள் கொழும்பில் வெளிநாட்டுப் பட்டங்களை வழங்குகின்றன, செலவு இலட்சக்கணக்கில். ஆறுமாத 'டிப்ளோமா' விளம்பரங்களைக் கண்டால், பணம் கட்டுமுன் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா, சான்றிதழ் என்விகியூ எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமன். சுவரில் மாட்ட அழகான சட்டகம் தரும் நிறுவனங்கள் இதைச் சொல்வதில்லை.

படித்து முடித்தவருக்கு அடுத்த சிக்கல் இடமும் மொழியும். வடக்கில் இருப்பவை பெரும்பாலும் தைக்கும் ஆலைகள். வடிவமைப்பும் மேர்ச்சண்டைசிங்கும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு அதிகம் நகரவில்லை. அங்கே கொள்வனவாளருடன் ஆங்கிலம், சக ஊழியருடன் சிங்களம். பிள்ளையைத் தனியே கொழும்பில் விடப் பயப்படும் குடும்பங்களின் பயத்துக்குக் காரணம் நமக்குத் தெரியும். ஆனால் மேல்படி வேலைகள் எல்லாம் அங்கேயே இருக்கும்வரை நமது பிள்ளைகள் மெஷினில்தான் தொடங்குவார்கள், பலர் அங்கேயே நிற்பார்கள். ஓடர் குறைந்தால் முதலில் ஆட்டம் காண்பதும் அந்த இடம்தான். மனித உரிமைக் காரணங்களைக் காட்டி 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி பிளஸ் சலுகையை நிறுத்தியது. 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீத வரியை அறிவித்து, பின்னர் 20 ஆகக் குறைத்தது. இரண்டு தடவையும் வேலை போகுமோ என்று முதலில் பயந்தவர்கள் மெஷினில் இருந்தவர்கள்.

ஊரைவிட்டுப் போக முடியாதவருக்கும் வழி உண்டு. கல்யாணச் சாறிச் சட்டைகளுக்கு ஆரி வேலைப்பாடு செய்பவர்கள் யாழ்ப்பாணத்தில் பெருகியிருக்கிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்து வட்ஸ்அப்பில் ஓடர் வருகிறது. இங்கேதான் படித்தவருக்கும் பழகியவருக்கும் வித்தியாசம் தெரியும்: உடம்பைப் பார்க்காமலே, அனுப்பிய அளவைக் கொண்டு பொருந்தும் சட்டை வெட்டப் பேட்டர்ன் அறிவு வேண்டும். சட்டை பொருந்தாவிட்டால் அடுத்த ஓடர் வராது. கிழக்கில் மருதமுனைத் தறிகள் இருக்கின்றன. கைத்தறியில் புது நிறச் சேர்க்கை என்ன செய்யும் என்பதை 1960களில் பெயார்ஃபுட்டைத் தொடங்கிய பார்பரா சன்சோனி காட்டினார். அவர் நெசவாளியல்ல, நிறம் தெரிந்த ஓவியர்.

வருடக்கணக்கில் வீட்டில் தைத்து வரும் அம்மாமாருக்கு ஒரு தகவல். முன்னர் கற்றதை அங்கீகரிக்கும் முறையில், வகுப்புக்குப் போகாமலே, செய்து காட்டும் வேலையை மதிப்பிட்டு என்விகியூ சான்றிதழ் தருகிறார்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். போகும்போது தைத்த உடுப்புகள் சிலவற்றையும், படங்கள் இருந்தால் அவற்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.