இரவுத் தொடர்களின் பிடி ஏன் தளர்கிறது?

தமிழ்த் தொலைக்காட்சியின் நெடுந்தொடர், அதாவது முடிவு நாள் குறிக்கப்படாமல் வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாள் தொடர்ந்து ஒளிபரப்பாகும் குடும்பக் கதை, இன்றும் பார்வையாளர் கணக்கெடுப்பில் முதல் வரிசையை விட்டு இறங்கவில்லை. ஆனால் புதுச்சேரிக்கு வடக்கே பெரிய முதலியார்சாவடி தொடங்கி மரக்காணத்து உப்பளங்கள் வரை நீளும் கடலோர ஊர்களிலும், தமிழ்நாட்டின் ஏனைய ஊர்களிலும், இரவு உணவின் நேரத்தையே மாற்றியமைத்த அதன் பழைய அதிகாரம் இப்போது அதனிடம் இல்லை. முதலிடத்தில் இருந்துகொண்டே ஒரு கலைவடிவம் செல்வாக்கு இழப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை காண, அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நெடுந்தொடர் வானொலிக் காலத்து அமெரிக்காவில் சோப்பு நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில் பிறந்து, பிரிட்டனில் உழைப்பாளர் தெருக்களின் கதையாக உருமாறியது. 1960 டிசம்பரில் தொடங்கிய ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியாவுக்கு அது வந்த வழி வேறு. மெக்சிகோவில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்குத் தொடர்கள் பயன்பட்டதைக் கண்டு, தூர்தர்ஷன் 1984 ஜூலையில் ‘ஹம் லோக்’ தொடரை ஒளிபரப்பியது. தமிழில் தூர்தர்ஷன் காலத்துத் தொடர்கள் பெரும்பாலும் பதின்மூன்று வாரக் கணக்கில் அடங்கியவை, கே. பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ அந்த அளவான மரபைச் சேர்ந்தது. 1993-இல் சன் டிவி தொடங்கிய பிறகு, 1999-இல் ராதிகா நடித்த ‘சித்தி’ பெற்ற வெற்றியே அன்றாடத் தொடர் என்பதை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியது. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதையான திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ 800 பகுதிகளைத் தாண்டியது. திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடியது.

அந்த வெற்றியின் பின்னால் கதையைவிட வலுவான ஒரு ஏற்பாடு இருந்தது: வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு கேபிள் கம்பி, அதில் எல்லோரும் பார்க்கும் ஒரே சேனல். 2006-இல் தி.மு.க. அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டபோது, மீனவர் குப்பங்களுக்கும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் அந்த ஏற்பாடு முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. உப்பு வாரும் பருவத்தில் விடியும் முன்பே பாத்திக்கு இறங்க வேண்டிய பெண்களுக்கு இரவுத் தொடர் என்பது தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துப் பெறும் பொருள். அந்த விலையைக் கொடுத்துத்தான் அவர்கள் பார்த்தார்கள், ஏனெனில் மறுநாள் வேலையிடத்துப் பேச்சில் சேர்ந்துகொள்ள முந்தைய இரவின் கதை தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

பொற்காலத்தின் எண்களை இன்றைய எண்களோடு அப்படியே ஒப்பிட்டு ‘வீழ்ச்சி இத்தனை மடங்கு’ என்று எழுதும் வழக்கம் சரியல்ல. தொடர்களின் உச்ச காலத்தில் டி.ஆர்.பி. எனப்படும் பார்வையாளர் புள்ளியைக் கணித்த ‘டாம்’ நிறுவனம் பெரும்பாலும் நகரங்களையே அளந்தது. கிராமப்புற வீடுகளையும் சேர்த்துக் கணக்கிடும் முறை ‘பார்க்’ அமைப்பின் வழியாக 2015 அக்டோபரில்தான் வந்தது. பெரிய முதலியார்சாவடி போன்ற ஊர்களின் மக்கள் தொடரை விழுந்து விழுந்து பார்த்த ஆண்டுகளில் அவர்களுடைய பார்வை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கணக்கில் ஏறத் தொடங்கிய மறு ஆண்டே அவர்கள் கையில் வேறொரு திரை வந்து சேர்ந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் கைபேசித் தரவின் விலை சரிந்தது. அது நெடுந்தொடருக்கு எதிரியாக மட்டும் வரவில்லை, அதன் விநியோகத்தையும் தானே எடுத்துக்கொண்டது. ஹாட்ஸ்டாரும், 2017-இல் தொடங்கிய சன் நெக்ஸ்டும் விரும்பிய நேரத்தில் தொடர் பார்க்கும் வசதியைத் தந்தன. சந்தா கட்டியவர்களுக்குச் சில தொடர்கள் தொலைக்காட்சியில் வருவதற்கு முன்பே செயலியில் கிடைத்தன. இதோடு, விரும்பிய சேனலுக்கு மட்டும் பணம் கட்டலாம் என்று சொல்லி 2019-இல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கட்டண முறை, கேபிள் செலவை ஒவ்வொரு வீட்டிலும் யோசிக்க வேண்டிய ஒன்றாக்கியது. பார்ப்பவர் எண்ணிக்கை உடனே குறையவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பது குறைந்தது. நெடுந்தொடரின் பேச்சு மதிப்பு முழுவதும் அந்த ஒரே நேரத்தில்தான் இருந்தது.

சேனல்கள் இதற்குக் கண்ட மருந்து நோயைவிட மோசமானது என்றே சொல்ல வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் வந்த தொடர்கள் ஆறு நாளாயின, சில ஏழு நாளும் வந்தன. ‘சந்திரலேகா’ 2014 முதல் 2022 வரை ஓடி 2,300 பகுதிகளைத் தாண்டியது. அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக எஞ்சும் இருபது நிமிடங்களை நாள் தவறாமல் நிரப்ப வேண்டும் என்னும்போது, கதை நகர்வதற்கு வேலை குறைந்து, நகராமல் இருப்பதற்கு வேலை கூடுகிறது. மறைத்து வைத்த ஓர் உண்மை கூடத்தில் வெளிப்படும் காட்சியை எடுத்துக்கொண்டால், சொன்னவர் முகத்தை முதலில் காட்டிய கேமரா இடி முழக்கத்தோடு மாமியார், மருமகள், மாமனார், நாத்தனார் என்று ஒவ்வொரு முகத்துக்கும் தாவி, மீண்டும் சொன்னவரிடம் வந்து நிற்பதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடும். மறுநாள் ‘முன்கதை’ என்ற பெயரில் அதே முகங்கள் அதே வரிசையில் இன்னொரு முறை வரும். இவ்வளவையும், காலையிலேயே யூடியூபில் வெளியாகும் ஒரு நிமிட முன்னோட்டம் சொல்லி முடித்துவிடுகிறது. முன்னோட்டத்தைப் பார்த்தவருக்கு இரவில் பெட்டிமுன் உட்கார வேண்டிய அவசியம் இல்லை.

நல்ல தொடர் வந்தால் கூட்டம் திரும்பும் என்பதற்கும் சான்று உண்டு. திருச்செல்வமே 2022-இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’, படித்த மருமகள்களை வீட்டுக்குள் முடக்கும் ஆணாதிக்கக் குடும்பத்தை நேரடியாக எடுத்துக்கொண்டது. அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் வசனத் துணுக்குகள், தொடரே பார்க்காத இளைஞர்களின் கைபேசிகளிலும் சுற்றின. 2023 செப்டம்பரில் அவர் திடீரென மறைந்த பிறகு தொடர் பழைய வேகத்தைப் பெறவில்லை. 2024-இல் முடிந்து, அதே ஆண்டின் இறுதியில் அடுத்த பாகமாகத் திரும்பியது. துணுக்காகப் பரவிய புகழ் எத்தனை பேரை முழுத் தொடருக்கு இழுத்து வந்தது என்பது வேறு கேள்வி.

பிரிட்டன் இதே நெருக்கடிக்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. 1986 கிறிஸ்துமஸ் நாளில் மூன்று கோடிப் பேர் பார்த்த பி.பி.சி.யின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ இன்று வழக்கமான ஒரு நாளில் அரைக் கோடியைக்கூட எட்டுவதில்லை; 2000-இல் தொடங்கிய ‘டாக்டர்ஸ்’ 2024 நவம்பரில் நிறுத்தப்பட்டது. ‘ஹோலிஓக்ஸ்’ வாரத்துக்கு ஐந்திலிருந்து மூன்று பகுதிகளாகச் சுருங்கியது. ஐ.டி.வி. தன் இரு பெரும் தொடர்களான ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’, ‘எம்மர்டேல்’ இரண்டையும் 2026 ஜனவரி முதல் தலா வாரம் ஐந்து அரைமணிப் பகுதிகளாகக் குறைத்து, அந்த மாற்றத்தை இரு தொடர்களின் பாத்திரங்களையும் ஒரே கதையில் கலந்து தொடங்கியது. விஜய் டிவி ‘மகா சங்கமம்’ என்ற பெயரில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ காலத்திலேயே கையாண்டு பழசாக்கிய உத்தி அது.

தமிழ்ச் சேனல்கள் ஏன் குறைக்கவில்லை என்பதன் காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சன் டிவியில் நெடுங்காலம் இருந்த முறைப்படி, தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்துக்குச் சேனலிடம் கட்டணம் செலுத்தி, தொடருக்கிடையே வரும் விளம்பர நொடிகளைத் தானே விற்று ஈடுகட்டிக்கொள்வார். ராதிகாவின் ராடான் நிறுவனம் வளர்ந்தது இந்த முறையில்தான். சேனலே செலவைக் கொடுத்துத் தயாரிக்கச் சொல்லும் முறை இப்போது பரவியிருந்தாலும், இரண்டிலும் வருமானம் ஒரு பகுதிக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகிறது. வீடு போன்ற அரங்கும் நடிகர் குழுவும் ஒருமுறை அமைந்துவிட்டால் ஒவ்வொரு கூடுதல் பகுதிக்கும் ஆகும் செலவு குறைவு. ஒரு நாளை வெட்டினால் அந்த நாளின் விளம்பர வருமானம் போவதோடு, நாள்கூலிக் கணக்கில் வேலை பார்க்கும் விளக்காளர், ஒப்பனையாளர், துணை நடிகர் ஆகியோரின் படப்பிடிப்பு நாள்களும் குறையும். இந்தியிலிருந்து மொழிமாற்றித் தொடர்களை இறக்கியபோது சின்னத்திரைத் தொழிலாளர்கள் எதிர்த்தது இந்த நாள்களுக்காகவே. ஒரு சேனல் ஆறாம் நாளை விட்டுக்கொடுத்தால் அந்த அரைமணியை எதிர்ச் சேனல் எடுத்துக்கொள்ளும் என்ற அச்சமும் சேர்வதால், முதலில் குறைக்க யாரும் முன்வருவதில்லை.