யாரிடம் பேசுகிறது கருவி?

கையோடு ஒரு கருவி – 11

2017 டிசம்பர் முதல் வாரத்தில் நாகர்கோவிலில் எங்கே நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழுந்தது: “போட்டுல ஜி.பி.எஸ். உண்டும்லா, பெறவு ஏன் கண்டுபிடிக்க முடியல?” ஒக்கி புயல் கடந்து போயிருந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, வாழைத் தோட்டங்கள் தரையோடு படிந்திருந்தன. மின்சாரமும் செல்போன் சிக்னலும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் திரும்பி வராதவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்விதான் அது. ஆனால் நம் கையில் இருக்கும் கருவிகளைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்பதை அது எனக்குக் காட்டியது. அன்றிலிருந்து எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்றைப் பார்க்கிறேன்: இது யாரிடம் பேசுகிறது?

ஜி.பி.எஸ். யாரிடமும் பேசுவதில்லை. அது கேட்கும், அவ்வளவுதான். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் குரல் கிடைத்தால் போதும், படகிலிருக்கும் பெட்டி கணக்குப் போட்டுத் தான் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டிவிடும். அந்த எண்கள் படகோட்டிக்கு மட்டும் தெரியும். கரையில் இருக்கும் மனைவிக்கோ, மீன்வளத் துறைக்கோ, கடலோரக் காவல்படைக்கோ ஒன்றும் போய்ச் சேராது. கடலில் தத்தளித்தவர்களுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருக்கலாம். அதை வெளியே சொல்ல அந்தப் பெட்டிக்கு வாய் இல்லை.

அதற்காக அந்தப் பெட்டியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சுமார் 70 கிலோமீட்டர் நீளும் குமரிக் கடற்கரையில் அது வருவதற்கு முன்பு ‘கணியம்’ இருந்தது. கரையில் தெரியும் மலையுச்சி ஒன்று, அதற்கு முன்னால் கோயில் கோபுரமோ தென்னந்தோப்போ ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறு திசையில் இன்னொரு சோடியும் அதேபோல ஒத்து வர வேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடத்துக்கு நேர் கீழே பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டு இருக்கும், பாரில் மீன் இருக்கும். மருந்துவாழ்மலையையும் வேளிமலையையும் நாம் கரையிலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். மீனவர்களுக்கு அவை கடலிலிருந்து பார்த்து இடம் குறிக்கும் அடையாளங்கள். அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் தொழில் ரகசியம் அது.

மலை கண்ணுக்கு மறைந்தால் கணியமும் மறைந்துவிடும். தூத்தூர் வட்டார மீனவர்கள் சுறாவையும் சூரையையும் தேடிப் போகும் தொலைவில் எந்த மலையும் தெரியாது. கொச்சித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு லட்சத்தீவைத் தாண்டி, குஜராத் வரைக்கும்கூடப் போய் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். தியேகோ கார்சியா பக்கம் வரைக்கும் போய்ப் பிடிபட்ட படகுகளும் உண்டு. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ்ஸின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த அமெரிக்கா, 2000 மே மாதம் அந்தத் தடையை நீக்கியது. அதற்குப் பிறகு இந்தப் பெட்டி ஆழ்கடல் படகுகளுக்குத் தவிர்க்க முடியாததாகிவிட்டது. அரசு வந்து சொல்லித்தரும் வரை இந்த மக்கள் காத்திருக்கவில்லை. கைக்காசு போட்டு வாங்கி, தாங்களே பழகிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் டிஜிட்டல் கருவியைத் தொழிலுக்குள் இவ்வளவு துணிந்து கொண்டுவந்த சமூகங்களை எண்ணினால் இவர்களை முன்வரிசையில்தான் வைக்க வேண்டும்.

ஆனால் அவர்கள் காசு போட்டு வாங்க முடிந்ததெல்லாம் தங்களைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் கருவிகள்தான். தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிடும் ஏற்பாடு தனியாள் வாங்கக்கூடியதல்ல. வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸின் அலை நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். ஆன்டெனாவின் உயரத்தைப் பொறுத்துச் சில பத்துக் கடல்மைல் தாண்டினால் கரைக்குக் கேட்காது. நடுவில் இன்னொரு படகு இருந்தால் அதன் வழியாகச் செய்தி தாவிப் போகும். செல்போன் அதற்கும் முன்பே ஓய்ந்துவிடும். சாட்டிலைட் போனை நம் நாட்டில் அரசின் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

ஒக்கி வந்த வேகத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நவம்பர் 29 காலையில் இலங்கைக்கு அருகே வெறும் தாழ்வு மண்டலம். மறுநாள் காலை 30ஆம் தேதி குமரிக்குத் தெற்கே அது புயல். அதற்குள் சிறு வள்ளக்காரர்கள் பலர் கடலுக்குள் போயிருந்தார்கள். ஆழ்கடல் படகுகள் போய் வாரங்களாகியிருந்தன; அவற்றுக்கு எச்சரிக்கை சொல்ல நம்பகமான வழி இருக்கவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் திரண்டு போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தங்கள் குரல் அரசின் காதில் விழ அவர்களுக்கு அன்று கிடைத்த வழி அதுதான்.

இப்போது என் சட்டைப்பையில் இருக்கும் போனை எடுத்துப் பார்க்கிறேன். மீனவரின் பெட்டிக்கு நேர் எதிரானது இது. நான் கேட்காமலே இது பேசுகிறது. வடசேரியில் எவ்வளவு நேரம் நின்றேன், எந்தக் கடைக்குள் நுழைந்தேன், இரவு எத்தனை மணிக்குத் திரையை அணைத்தேன் என்பதெல்லாம் நான் பெயர்கூட அறியாத நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இடம் தெரிந்தால் உயிர் பிழைக்கலாம் என்றிருந்தவரின் இடம் யாருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமே இல்லாத என் இடம் எல்லோருக்கும் தெரிகிறது. நினைக்க நினைக்க எனக்கு ஆறாத விஷயம் இது.

கடற்கரை ஊர்களில் முதியவர்களிடம் பேசிப் பதிவு செய்வது என் தொழிலின் ஒரு பகுதி. அங்கே கேமரா செயலியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுத்தான் படம் எடுக்கிறேன். அது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஒளிந்துகொள்ளும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அவை நீங்கிவிடும். அதே படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். படகின் ஜி.பி.எஸ். திரையை நான் படம் எடுப்பதே இல்லை. அதில் சேமித்திருக்கும் புள்ளிகள் பல வருட உழைப்பில் கண்டுபிடித்த பார்கள். அன்று கணியம் எப்படி ரகசியமோ அப்படியே இன்று அந்த எண்களும். அடுத்தவர் பிழைப்பை நம் போன் வழியாகக் கசியவிட நமக்கு உரிமை இல்லை.

இருப்பிடத்தைச் சொல்வதையே நான் வேண்டாம் என்று வைத்துவிடவில்லை. நித்திரவிளையிலிருந்து இரவில் வண்டியோட்டித் திரும்பும்போது வீட்டுக்கு ‘லைவ் லொகேஷன்’ அனுப்பிவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஒரு மணி நேரம், ஒரே ஆளுக்கு. யாருக்கு, எவ்வளவு நேரம் என்பதை நான் முடிவு செய்யும் வரையில் அதே கருவி எனக்கு உதவி.

பதிவு செய்த பேச்சை எழுத்தாக்கும் வேலையில் இன்னொரு சிக்கல் உண்டு. குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வசதி இன்று தமிழுக்கு நன்றாகவே வந்துவிட்டது. என் கட்டுரைகளின் முதல் வரைவைப் பெரும்பாலும் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன். தூத்தூர்க்காரரின் பேச்சைக் கொடுத்தால் அது திணறுகிறது. கடலின் ஓட்டத்தைச் சொல்லும் ‘நீவாடு’ வேறு ஏதோ சொல்லாகிவிடுகிறது. மலையாளம் கலந்த வினைமுற்றுகளை நகரத் தமிழாக்கித் திருத்திவிடுகிறது, சிலவற்றை விழுங்கியே விடுகிறது. படிக்க வழவழப்பாக இருக்கும், ஆனால் பேசியவர் அதில் இருக்க மாட்டார். அதனால் அந்தப் பதிவுகளைக் காதால் கேட்டுக் கையால் எழுதுகிறேன், மூல ஒலியை ஒருபோதும் அழிப்பதில்லை. நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். காற்றையும் நீவாட்டையும் பற்றி அவர் சொல்வதில் ஒரு சொல் மாறினாலும் அறிவே மாறிவிடுகிறது.

ஒக்கிக்குப் பிறகு கருவிகள் வந்தன. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாக எச்சரிக்கையைப் பெறும் பெட்டி வந்தது. 2019இல் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. செல்போன் எட்டாத கடலிலும் புயல் எச்சரிக்கை அதன் வழியாகப் போய்ச் சேரும். இவை இரண்டும் ஒருவழிப் பாதை: கரை பேசும், படகு கேட்கும். ஆபத்து என்று படகிலிருந்து திருப்பிச் சொல்ல முடியாது. இருவழியில் செய்தி போய்வரும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் ஆபத்துக்காலப் பட்டனும் உண்டு. படகுக்கு வாய் கிடைத்திருக்கிறது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

எந்நேரமும் தன் இடம் அதிகாரிகளுக்குத் தெரிந்துகொண்டே இருக்குமே, தன் பாரின் இடம் வெளியே போய்விடுமே என்று மீனவர் தயங்கினால் அதை அறியாமை என்று தள்ளக் கூடாது. அந்தத் தயக்கம் நியாயமானது. யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதை அவர்களிடம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். கரைப்பக்கத்தைப் பற்றியும் இப்போதே கேட்டாக வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவர் அந்தப் பட்டனை அழுத்தினால், அதைப் பார்க்கும் திரைக்கு முன்னால் ஆள் இருக்க வேண்டும். படகு கொச்சியிலிருந்து போயிருக்கும், வீடு வள்ளவிளையில் இருக்கும். இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நேரத்தில் தகவல் போக வேண்டும். அந்த நாற்காலியில் இருப்பவருக்கு நீவாடு என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். தூத்தூர்ப் பேச்சைக் காதால் கேட்டவுடன் புரிந்துகொள்கிறவராகவும் இருக்க வேண்டும். கடற்கரை ஊர்களிலேயே படித்த பிள்ளைகள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை அங்கே உட்கார வையுங்கள்.