ஒளிவாள் பழகுதல்

எம்.ஜி.ஆரும் நம்பியாரும் வாட்போர் புரியும் படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் தென்னை மட்டையைச் சீவி வாளாக்கிக்கொண்டு தெருவில் இறங்காத சிறுவனே தம் காலத்தில் இல்லை என்று என் தந்தையார் சொல்வார். திரையில் கண்ட வாளைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆசை எல்லா நாட்டாருக்கும் உண்டு போலும். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அறிவியல் புனைகதைப் படம் 1977-ஆம் ஆண்டு வெளிவந்து, அந்த ஆசையைப் பல நாட்டு இளைஞர்களிடம் மூட்டிவிட்டது. அப்படத்தின் வீரர்கள் ஏந்தும் வாளுக்கு இரும்பு அலகு கிடையாது. கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால், நீலமாகவோ சிவப்பாகவோ ஓர் ஒளிக்கற்றை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு எழுந்து நிற்கும். அதனை இங்கே ஒளிவாள் என்று அழைப்போம். இந்தக் கற்பனை வாளைப் போன்ற ஒன்றைச் செய்து, அதனைக் கொண்டு முறையாக வாள்வீச்சுப் பழகுவோர் இன்று பிரான்சிலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் உள்ளனர். அவர்களைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்படி ஒரு வாள் இருக்க முடியாது. ஒளியானது ஒரு மீட்டர் சென்றதும் தானாக நிற்பதில்லை. எதிரே ஏதேனும் மறிக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். இரண்டு டார்ச் விளக்குகளின் கற்றைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ச்சிப் பாருங்கள். ஒன்றையொன்று கடந்து செல்லுமே தவிர, மோதிக்கொள்ளமாட்டா. இடையில் தூசியோ புகையோ இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்குக் கற்றை கண்ணுக்கே தெரியாது. ஆகவே வாளோடு வாள் மோதித் தீப்பொறி பறக்கும் காட்சியெல்லாம் இயற்பியலுக்கு அப்பாற்பட்டவை.

படம் எடுத்தவர்களுக்கும் இது தெரியாததன்று. கதாநாயகன் பிடித்த வாளின் கைப்பிடி எது தெரியுமா? கிராஃப்ளெக்ஸ் என்னும் பழைய பத்திரிகைப் புகைப்படக் கருவிக்குரிய பிளாஷ் விளக்கின் பிடி! அரங்க அலங்காரப் பொறுப்பில் இருந்த ரோஜர் கிறிஸ்டியன் அதனை லண்டனில் ஒரு புகைப்படக் கடையில் கண்டெடுத்து, அதன்மேல் சில பட்டைகளை ஒட்டி வாளாக்கிவிட்டார். அலகுக்குப் பதிலாக, ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பொருள் பூசிய கோலைப் பொருத்திப் படம்பிடித்து, பிறகு படச்சுருளின் மேல் ஒளியை வரைந்து சேர்த்தனர். 'ம்ம்ம்' என்ற அந்த உறுமல் ஒலியை உருவாக்கியவர் பென் பர்ட். திரைப்படம் காட்டும் புரொஜக்டரின் மோட்டார் இரைச்சலையும், தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாய் எழுப்பிய இரைச்சலையும் கலந்து அதனைப் படைத்தார். இவ்வளவும் போலி. ஆனால் அடுத்த இரு படங்களில் (1980, 1983) கறுப்புக் கவசம் அணிந்த வில்லனுக்குப் பதிலாக வாள் வீசியவர் பாப் ஆண்டர்சன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வாள்வீச்சில் கலந்துகொண்டவர் அவர். வாள் போலியானாலும் அதைப் பிடித்த கை உண்மையான கை.

இன்று பயிற்சிக்கெனச் செய்யப்படும் ஒளிவாளின் அமைப்பு எளிது. கைப்பிடி அலுமினியக் குழாய். அதனுள் மின்கலம், சிறிய ஒலிபெருக்கி, அசைவை உணரும் சில்லு ஆகியவை இருக்கும். வீசினால் உறுமும்; எதிலாவது பட்டால் வெடிப்பொலி தரும். அலகு என்பது சுமார் ஓர் அங்குல விட்டமுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக் குழாய். அடியில் உள்ள எல்.ஈ.டி. விளக்கின் ஒளி குழாய் முழுதும் பரவும்படி உள்ளே மெல்லிய படலம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். சில வாள்களில் குழாயின் நீளம் முழுவதும் விளக்குச் சரமே இருக்கும். அது அழகு, ஆனால் அடிவாங்கினால் பழுதாகிவிடும். எனவே சண்டை பழகுவோர் முதல் வகையையே விரும்புகின்றனர். பாலிகார்பனேட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பட்டறைகளில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடிகளும் அதனால் செய்யப்படுபவையே. வளையும், கண்ணாடிபோல் சிதறாது. இன்னொன்றையும் கவனியுங்கள். குழாயின் நுனி அரைக்கோளம்போல் உருண்டையாக மூடப்பட்டிருக்கும். இந்த உருண்டை நுனியின் அருமையை நான் தெரிந்துகொண்ட விதம் வருந்தத்தக்கது.

சென்ற ஆண்டு, கைப்பேசியில் ஒளிவாள் போட்டி ஒன்றின் படத்தைப் பார்த்த நானும் என் அறை நண்பனும், மின்கம்பி பதிக்கும் பி.வி.சி. பைப்பை வாங்கி இரம்பத்தால் மூன்றடியாக அறுத்து, விடுதியின் பின்புறம் வீசத் தொடங்கினோம். தலைக்கு ஒன்றுமில்லை, கைக்கு ஒன்றுமில்லை. வெறும் பிளாஸ்டிக் தானே என்ற எண்ணம். நான்காம் நாள் மாலை நான் வீசிய வீச்சில், அறுத்த பைப்பின் விளிம்பு அவன் இடப்புருவத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். மறுநாள் அவனுடைய தந்தையார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறி வந்தார். என்னை அவர் திட்டவில்லை. "அரை அங்குலம் கீழே பட்டிருந்தா என்ன தம்பி பண்ணியிருப்பே?" என்று மட்டும் கேட்டார். அவர் வீட்டிலும் சரி, என் வீட்டிலும் சரி, கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளைகள் நாங்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அதன் பிறகுதான், மற்ற நாட்டார் இதே விளையாட்டை எப்படிக் கண்ணும் கையும் கெடாமல் ஆடுகின்றனர் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படித்ததில் என்னை உலுக்கியது ஒளிவாளைப் பற்றிய செய்தியன்று, மெய்யான வாள்வீச்சைப் பற்றியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982-இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். எதிராளியின் வாள் முறிந்தது. முறிந்த முனை அவருடைய கம்பிவலை முகக்கவசத்தைத் துளைத்து, கண்வழியாக மூளையில் பாய்ந்தது. சில நாட்களில் அவர் இறந்தார். எதிராளி மீது குற்றமில்லை. உலோகமும் கவசமும் கைவிட்டன. அதன் பின்னரே முகக்கவசங்களின் வலிமை கூட்டப்பட்டது. எளிதில் முறியாத உயர்வகை எஃகில் அலகுகள் செய்யப்பட்டன. உடைக்கும் உறுதியான இழைத்துணி வந்தது. உலகச் சாம்பியனுக்கே கவசம் போதவில்லை என்றால், விடுதிக் கொல்லையில் நாங்கள் ஆடிய ஆட்டத்தை என்னென்பது!

இரும்பைவிடப் பிளாஸ்டிக் மெதுவானதுதான். ஆனால் அடியின் வலிமை பொருளால் மட்டும் அமைவதில்லை. வீச்சின் வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது நாம் முதலாண்டில் படித்ததே. கோலைச் சுழற்றும்போது மிகுந்த வேகத்தில் செல்வது நுனி. எதிராளியின் முகத்தருகே வருவதும் அதே நுனிதான். தவிர, ஒளிவாளின் கைப்பிடிக்குக் குறுக்குக் காப்பு கிடையாது. எதிராளியின் குழாய் வழுக்கிக்கொண்டு வந்து நேரே விரலில் இறங்கும். அதனால் அங்கே பழகுவோர் கம்பிவலை முகக்கவசமும் பஞ்சு வைத்த கையுறையும் அணிகின்றனர். கவசத்தைவிடப் பெரிய காப்பு ஒன்று உண்டு. அது விதி.

இத்தாலியின் மிலான் நகரில் 2006-ஆம் ஆண்டு 'லுடோஸ்போர்ட்' என்னும் அமைப்பு ஒளிவாள் பயிற்சியைத் தொடங்கியது. பிரெஞ்சு வாள்வீச்சுக் கூட்டமைப்போ 2019-இல், ஃபாயில், எப்பே, சேபர் என்னும் தன் மூன்று பழைய வாள்களோடு ஒளிவாளையும் போட்டிக்குரியதாக ஏற்றுக்கொண்டது. இளைஞர்களை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய கவலை. அப்போட்டி தரையில் ஒட்டிய வட்டத்துக்குள் நடக்கும். தலையிலோ உடலிலோ தொட்டால் 5 புள்ளி, கைகால்களில் 3, விரல்கள் உள்ள முன்கையில் 1. முதலில் 15 எடுப்பவர் வென்றார். இல்லாவிட்டால் மூன்று நிமிட முடிவில் யார் முன்னிலையோ அவர். இவையெல்லாம் எந்த விளையாட்டிலும் உள்ளவை. நான் வியந்தது வேறொரு விதியை. அடிக்கு முன்னால் வாள்நுனி ஒருமுறை தனக்குப் பின்புறம் நோக்கியிருக்க வேண்டும். இல்லையேல் அந்த அடி செல்லாது.

முதலில் இது வெறும் திரைப்பட அலங்காரம் என்று நினைத்தேன். ஆழ்ந்து பார்த்தால் அதில் பெரிய பொருள் இருக்கிறது. நுனியைப் பின்னே கொண்டுபோக வேண்டுமானால் வீச்சு பெரிதாக இருந்தாக வேண்டும். பெரிய வீச்சு எதிராளியின் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தடுக்க நேரம் கிடைக்கும். பாம்பு கொத்துவதுபோல் முகத்தை நோக்கிக் குத்தும் வழி அடைபடுகிறது. மின்சார விளக்கு எரிந்தாலொழிய யார் தொட்டார் என்றே தெரியாத வேகத்தில் நடப்பது ஒலிம்பிக் வாள்வீச்சு. இங்கோ பார்ப்பவருக்கும் ஆட்டம் புரிகிறது. எங்கள் கொல்லை ஆட்டத்தில் இந்த ஒரு விதி இருந்திருந்தால் நண்பன் என் வீச்சைக் கண்டு விலகியிருப்பான். நான் செய்தது குறுக்கான, கண்ணுக்குத் தெரியாத குத்து.

பயிலும் முறையில் புதுமை ஒன்றுமில்லை. கால் முதலில், கை பிறகு. ஓரடி முன்னும் பின்னும் நகரும்போது தலை மேலும் கீழும் ஆடலாகாது. எதிராளிக்கும் நமக்கும் உள்ள தூரத்தைக் கண் தானாக அளக்கப் பழக வேண்டும். பிறகு அடித்து, படுவதற்கு முன் நிறுத்தப் பழக வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது இந்த நிறுத்தம்தான். சுழலும் கோல் நிற்க விரும்பாது. ஒளிவாளுக்கே உரிய வசதியும் ஒன்று உண்டு. இருட்டில் ஒருவர் வீச, இன்னொருவர் கைப்பேசிப் படக்கருவியின் திறப்பை இரண்டு மூன்று நொடி நீட்டிப் படமெடுத்தால், வாள் போன பாதை முழுதும் ஒளி வளைவாகப் பதியும். வளைவில் முறிவு இருந்தால் அங்கே மணிக்கட்டு தவறியது என்று பொருள். இரும்பு வாள் தராத பாடம் இது. இரும்பு வாள் தரும் பாடம் ஒன்றை ஒளிவாள் தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உருண்டைக் குழாய்க்குக் கூர்ப்பக்கம் இல்லை. எப்படிப் பட்டாலும் அடிதான். ஜப்பானியரின் கெண்டோவில் பிடிப்பதும் மூங்கிற் சிம்புகளைக் கட்டிய கோல்தான். ஆனால் அதன் முதுகில் ஒரு நாண் ஓடும். அதற்கு எதிர்ப்புறமே கூர்ப்பக்கம் என்று கொண்டு அடிக்க வேண்டும். ஒளிவாளிலும் அப்படி ஒரு கோடு வரைந்துவிட்டால் நல்லது என்பது என் கருத்து.

"சிலம்பம் இருக்கும் நாட்டில் இது எதற்கு?" என்று எங்கள் தமிழாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஊரில் சிலம்ப ஆசான் இருப்பவர்கள் அவரிடமே போகட்டும். அங்கும் காலடி வரிசையே முதற்பாடம். எங்கள் ஊரில் அவரும் இல்லை. போலி வாளால் பயன் என்ன என்று கேட்போருக்கு ஒன்று சொல்வேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-இல் சேபர் ஆடிய சென்னையின் பவானி தேவி, இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் வீராங்கனை. பள்ளி நாட்களில் அவர் பயிற்சிக்குப் பிடித்தது மூங்கிற் குச்சியை. விலை மிகுந்த மின்வாளைப் போட்டிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

ஒளிவாள் வாங்க எங்களிடம் பணமில்லை. குளிர்சாதனக் குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நுரையைப் பைப்பின் மேல் நுனிவரை போர்த்தி, நுனியைத் துணி உருண்டையால் மூடியிருக்கிறோம். உறுமாது, ஒளிராது. கம்பிவலை முகக்கவசம் இரண்டு வாங்கும்வரை ஒருவரையொருவர் அடிப்பதில்லை என்று பேசிக்கொண்டு, எட்டாத தூரத்தில் நின்று கால் மட்டும் பழகுகிறோம். இதுவரை சேர்ந்த தொகை ஒன்றுக்குப் போதும். அதை முதலில் அவன்தான் அணிவான்.