சறுக்குப் பலகையின் அடியில் எவ்வளவு தண்ணீர்?

மார்ச் மாத நடுவில் நோர்வேயின் ரேனா என்ற சிற்றூருக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஆள் உயரத்தைவிட நீளமான ஒரு பை. அதற்குள் இரண்டு, மூன்று சோடி பனிச்சறுக்குப் பலகைகள். குளிர்காலம் விடைபெறும் நேரம். பருவத்தின் இறுதிக்கட்டப் பெரிய பந்தயங்களில் ஒன்றுக்காக அவர்கள் வந்திருக்கிறார்கள்.

அதன் பெயர் பிர்க்கெபைனர்ரென்னெட். 1932இல் தொடங்கிய இந்தப் பந்தயம் ரேனாவில் புறப்பட்டு, மலைகளைக் கடந்து, லில்லஹாமரில் முடிகிறது. தூரம் 54 கிலோமீட்டர். மலையுச்சியிலிருந்து கீழே பாயும் விளையாட்டு அல்ல இது. ஏற்றம், சமவெளி, இறக்கம் அனைத்தையும் சொந்தக் கை, கால் பலத்தால் கடக்க வேண்டும். முதுகில் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள பையும் இருக்க வேண்டும். 1206இல் உள்நாட்டுப் போரின்போது, குழந்தை இளவரசர் ஹோக்கோனை இரண்டு வீரர்கள் இந்த மலைகளைக் கடந்து தூக்கிச் சென்று காப்பாற்றினார்கள். அந்தக் குழந்தையின் நினைவாகவே இந்தச் சுமை.

மாதக்கணக்கில் பயிற்சி செய்து, பணம் செலவழித்து, கடல் கடந்து வந்த ஒருவருக்குப் பந்தயத்துக்கு முந்தைய இரவு ஒரு கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும்: பலகையின் அடியில் எந்த மெழுகைப் பூசுவது? தவறான மெழுகைப் பூசினால் ஏற்றத்தில் ஒவ்வோர் அடிக்கும் பின்னோக்கி வழுக்கும். இல்லையென்றால் பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். விடை, பலகைக்கும் பனிக்கும் இடையில் உள்ள தண்ணீரின் அளவில் இருக்கிறது.

பனி ஏன் வழுக்குகிறது?

"நம் எடை அழுத்துவதால் பனி உருகுகிறது, அதனால் வழுக்குகிறது" என்பது பலர் சொல்லும் விடை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 75 கிலோ எடையுள்ள வீரர் 2 மீட்டர் நீளமும் 4.4 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பலகையில் நிற்கிறார். அழுத்தம் சுமார் 8,400 பாஸ்கல்தான். இது காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடினாலே பனியின் உருகுநிலை 0.0075 டிகிரி மட்டுமே குறையும். பலகையின் நூற்றில் ஒரு பங்குதான் பனியை உண்மையில் தொடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் 0.1 டிகிரிகூடக் குறையாது. பனியின் வெப்பநிலை மைனஸ் 5 டிகிரியாக இருந்தால் இந்த அழுத்தம் அதை உருக்காது.

1939இல் போடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் மலை ஆய்வு நிலையத்தில் இதைச் சோதித்தார்கள். உராய்வினால் பிறக்கும் வெப்பம்தான் பனியின் மேற்பரப்பை மெல்லிய படலமாக உருக்குகிறது என்பது அவர்களின் முடிவு. அந்த நீர்ப்படலமே பலகைக்கு மசகு எண்ணெய்.

ஆனால் அளவு முக்கியம். தண்ணீர் மிகக் குறைவாக இருந்தால் கூர்மையான பனித்துகள்கள் பலகையைச் சுரண்டும். மிக அதிகமாக இருந்தால் பலகையைத் தண்ணீரே பிடித்து வைக்கும். நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டிவைத்துப் பிரிக்க முயன்றிருக்கிறீர்களா? அதே பிடிதான் இதுவும். இதைத் தவிர்க்கப் பலகையின் அடிப்பகுதியில் நுண்ணிய கோடுகள் செதுக்கப்படுகின்றன. கார் டயரின் பள்ளங்களைப் போல இவை தண்ணீரை வெளியேற்றும். ஈரப்பனிக்குக் கோடுகள் ஆழமாகவும், உலர்பனிக்கு நுண்மையாகவும் இருக்க வேண்டும். பையில் பல சோடிப் பலகைகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வசந்தகாலத்துச் சிக்கல்

ஐஸ் கச்சாங்கைச் சற்று நேரம் மேசையில் விட்டு, மீண்டும் உறைபெட்டியில் வைத்துப் பாருங்கள். துருவல் மறைந்து, கரடுமுரடான பனிக்கட்டியாகிவிடும். மார்ச் மாதத்து நோர்வேயில் நடப்பதும் இதுவே. பகலில் வெயிலில் உருகும் பனி இரவில் மறுபடி உறைகிறது. புதுப்பனியின் கூரிய முனைகள் மழுங்கி, உருண்டையான பெரிய துகள்களாகின்றன.

இது வீரருக்கு ஏன் தொல்லை? பலகையின் நடுப்பகுதி வில்லைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். காலை ஊன்றி உதைக்கும்போது மட்டும் அது பனியைத் தொடும். அங்கே பூசிய பிடிமெழுகில் பனியின் முனைகள் ஒரு கணம் குத்திக்கொண்டு பிடிப்பைத் தருகின்றன. முனைகள் மழுங்கிய பனி மெழுகில் குத்தாது. அப்போது கிளிஸ்டர் என்ற பிசின் தேவைப்படும். பலாப்பால் போல அது கையில் ஒட்டினால் எளிதில் விடாது.

ஆனால் பாதை மலை ஏறுகிறது. ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 0.6 டிகிரி குறையும். 500 மீட்டர் ஏறினால் 3 டிகிரி வேறுபாடு. கீழே ஈரமான பழைய பனியும் மேலே உலர்ந்த புதுப்பனியும் இருக்கலாம். கிளிஸ்டர் கீழே காப்பாற்றும். மேலே பனியை வாரிச் சுருட்டிக்கொள்ளும். அதனால் கிளிஸ்டரை மெலிதாகப் பூசி, அதன்மேல் கடின மெழுகைப் போடுவது பலரும் கையாளும் வழி.

கைவிட வேண்டியிருந்த மெழுகு

ஈரப்பனிக்கு ஒரு காலத்தில் எளிய தீர்வு இருந்தது. அதுதான் புளோரின் கலந்த மெழுகு. அது தண்ணீரை விலக்கித் தள்ளும். பருவத்தின் இறுதிப் பந்தயங்களில் அதற்கு ஈடில்லை. ஆனால் கார்பன்–புளோரின் பிணைப்பு மிக வலுவானது. இயற்கையால் அதை எளிதில் உடைக்க முடியாது. இத்தகைய வேதிப்பொருள்களை 'என்றும் அழியாதவை' என்கிறார்கள். சூடான இஸ்திரிப் பெட்டியால் இந்த மெழுகைத் தேய்த்த தொழில்நுட்பர்களின் இரத்தத்தில் இவை பொதுமக்களிடம் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது தெரியவந்தது. ட்ரோன்ஹைம் நகருக்கு அருகிலுள்ள பனிச்சறுக்குத் திடலில் மண்ணிலும் மண்புழுக்களிலும் காட்டெலிகளிலும் இவை கண்டறியப்பட்டன.

இந்த மெழுகுக்குத் தடை விதிக்க அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2019இல் முடிவெடுத்தது. 2023–24 பருவத்திலிருந்து தடை முழுமையாக நடப்புக்கு வந்தது. அகச்சிவப்புக் கதிர்க் கருவியால் பலகைகள் பரிசோதிக்கப்படுகின்றன. ஈரப்பனியில் வேகம் குறையலாம். ஆனால் அந்த இழப்பு எல்லாருக்கும் பொதுவானது.

பந்தயம் முடிந்து சில வாரங்களில் அந்தப் பாதை உருகிவிடும். ரேனா பக்கத்துப் பனி நோர்வேயின் மிக நீளமான குளொம்மா ஆற்றில் சேரும். லில்லஹாமர் பக்கத்துப் பனி, பல நகரங்களுக்குக் குடிநீர் தரும் மியோசா ஏரிக்குப் போகும். மெழுகில் இருப்பதும் தண்ணீரோடு சேர்ந்தே பயணம் செய்யும்.

பனியே பெய்யாத நம் ஊரிலும் இந்த வேதிப்பொருள் குடும்பம் இருக்கிறது. ஒட்டாத வாணலியின் பூச்சு அதைச் சேர்ந்தது. சில மழைச்சட்டைகளிலும் அது உண்டு. அடுத்த முறை 'நீர் ஒட்டாது' என்று எழுதிய பொருளை வாங்கும்போது, எது அந்த நீரை விலக்குகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.