கயிறு இழுத்தும் எடுக்காத இன்ஜின்: கம்ப்ரஷனைப் பாருங்கள்

மருந்து கலந்து வைத்துவிட்டு, விசைத்தெளிப்பான் கயிற்றை இருபது முறை இழுத்தும் இன்ஜின் எடுக்காத அவஸ்தை பல விவசாயிகளுக்குத் தெரியும். பட்டறைக்குப் போனால், 'கம்ப்ரஷன் போச்சு, போர் பிஸ்டன் மாத்தணும்' என்பார்கள். பல நேரம் உண்மைதான். சில நேரம் ரிங் மட்டுமே சிக்கியிருக்கும். செலவு செய்யும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிஸ்டன் கீழே இருக்கும்போது அதற்கு மேலுள்ள மொத்த இடத்தை, அது உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது கம்ப்ரஷன் விகிதம். உதாரணமாக, 35 சிசி இன்ஜினில் எரியறை 5 சிசி என்றால், 40ஐ 5ஆல் வகுக்க, 8க்கு 1.

டூ ஸ்ட்ரோக்கில் ஒரு சிக்கல் உண்டு. புகை வெளியேறும் துளை சிலிண்டர் சுவரிலேயே இருக்கிறது. பிஸ்டன் மேலேறி அந்தத் துளையை மூடும்வரை அழுத்தம் ஏறாது. மூடும்போது இன்னும் ஏற வேண்டியது 25 சிசி என்றால், உண்மையான விகிதம் 30ஐ 5ஆல் வகுத்த 6தான். ஒரே இன்ஜினை 8 என்றும் 6 என்றும் சொல்லலாம்; இரண்டும் தவறல்ல. எண்ணை மட்டும் பார்த்து இயந்திரம் வாங்க வேண்டாம்.

விகிதம் இன்ஜினின் அமைப்பு. தேய்ந்தால் குறைவது அழுத்தம். சுவிட்சை அணைத்துவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கை கனக்க வேண்டும். வழுவழுவென்று வந்தால் அழுத்தம் கசிகிறது. முதலில் பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளக் துளையில் சில சொட்டு ஆயில் விட்டு, சில முறை இழுத்துப் பாருங்கள். கனம் கூடினால் ரிங் அல்லது போர் பக்கம் கோளாறு.

அடுத்து, இன்ஜின் ஆறியபின் சைலன்சரைக் கழற்றி, புகைத் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் நெடுக்குக் கீறல்கள் இருந்தால் பட்டறைக்காரர் சொன்னது சரி. பிஸ்டன் பளபளப்பாக இருந்து, ரிங் மட்டும் கரி பிடித்து அசையாமல் இருந்தால், சுத்தம் செய்தோ ரிங் மாற்றியோ ஓட்டலாம். மெக்கானிக் முன்னாலேயே பார்க்கக் கேளுங்கள், தப்பில்லை.

'பவர் கூடும்' என்று சிலர் சிலிண்டருக்கு அடியிலுள்ள கேஸ்கட்டை எடுத்துவிடுகிறார்கள். அழுத்தம் கூடும்தான். கூடவே துளைகள் திறந்து மூடும் நேரமும் மாறும், சூடு ஏறும், கயிறு கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கும். பிஸ்டன் ஓட்டையானவர்களும் உண்டு. நாள் முழுக்க ஓடும் தெளிப்பானுக்கு இந்த வேலை வேண்டாம்.

அழுத்தத்தைக் காப்பது ஏர் பில்டரும் ஆயிலும்தான். கையேட்டில் 25க்கு 1 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், 50க்கு 1 என்றால் 20 மில்லி. பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள்.