மியாவ்... இன்னிக்கு எத்தனை கிராம்?

காலேஜ் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். ஒரு மழை ராத்திரி, மாடிப்படிக்கு அடியில் ‘மியாவ்’. பாவம்னு உள்ளே தூக்கிட்டு வந்தீங்க. மூணாவது நாள் அது உங்க போர்வைக்குள்ளே! ஒரே வாரத்தில் பேர் வெச்சாச்சு... ‘தல’. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கரெக்டா?

அப்புறம் பெட் ஷாப் போய் ஒரு பாக்கெட் ட்ரை ஃபுட், ஒரு கிண்ணம். ஆரம்பித்தது வினை!

காலையில் முதலில் எழுந்தவன் கிண்ணத்தில் ஒரு கை போடுகிறான். எட்டரை மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவன், ‘பாவம், பசியில இருக்கும்’ என்று இன்னொரு கை. சாயங்காலம் திரும்பி வந்தவன் ஒரு கை. ராத்திரி அரியர் பேப்பருக்குப் படிக்கிறவன், கம்பெனி கொடுக்கும் தலக்கு ஒரு கை. ஒருத்தர் கையில் 30 கிராம் என்று வையுங்கள். மொத்தம் 120. ‘மச்சி, நான் ஏற்கெனவே சாப்ட்டாச்சு’ என்று தல என்றைக்காவது சொல்லுமா? ம்ஹூம்!

ஒரு வருஷம் கழித்துப் பாருங்கள். ஒரே தாவில் ஜன்னலுக்குப் போன பூனை, இப்போது முதலில் சேர், அப்புறம் டேபிள், அப்புறம்தான் ஜன்னல். போட்டோ போட்டால் ஹார்ட்டின் குவியுது. ‘ஸோ க்யூட், குண்டு!’ என்று கமென்ட் வேறு. 4 கிலோ இருக்க வேண்டிய பூனை ஐந்தரை கிலோ ஆகிவிட்டது என்றால், 60 கிலோ ஆள் 82 கிலோவுக்கு வீங்கிய மாதிரி. சர்க்கரை நோய், மூட்டு வலி எல்லாம் பூனைக்கும் வரும் பாஸ். குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரமாக வரும்.

இத்தனைக்கும் காரணம் அன்புதான். ஆனால், அந்த அன்பைக் கையால் அளந்ததுதான் தப்பு!

கால்குலேட்டர் எடுங்க!

எக்ஸாம் ஹாலைத் தவிர வேறெங்கும் வெளியே வராத அந்த சயின்டிஃபிக் கால்குலேட்டருக்கு இப்போது ஒரு வேலை. முதலில் தலயின் எடை வேண்டும். ஜிம்மிலோ, ஹாஸ்டல் நண்பன் ரூமிலோ வெயிட் மெஷின் கிடைக்கும். தலயைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறுங்கள். கீழே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஒரு தடவை. கழித்தால் விடை. (நகக்கீறலுக்கு நாங்கள் பொறுப்பல்ல!)

4 கிலோ என்று வருகிறதா? அதை மூன்று தடவை பெருக்குங்கள். 64. அதன் வர்க்கமூலம் 8. அந்த எட்டுக்கு மறுபடி வர்க்கமூலம் 2.83. அதை 70-ஆல் பெருக்கினால் 198. இத்தனை கலோரி, தல சும்மா சுருண்டு படுத்திருந்தாலே உடம்பு ஓடுவதற்குத் தேவை. கால்நடை டாக்டர்கள் உலகம் முழுக்க உபயோகிக்கிற கணக்கு இது. வீட்டுக்குள்ளேயே இருக்கிற, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆன பூனை என்றால் 1.2-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 238 கலோரி. ஆபரேஷன் ஆகாததற்கு 1.4. சுமார் 277. ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், செலவாகிற சக்தி குறையும். அதனால் தையல் பிரித்த கையோடு சாப்பாட்டு அளவையும் திரும்பப் பாருங்கள்.

அடுத்து பாக்கெட். 100 கிராமுக்கு 380 கலோரி என்று போட்டிருந்தால், 238 கலோரிக்கு எத்தனை கிராம்? கிட்டத்தட்ட 63. இது ஒரு வேளைக்கு இல்லை... ஒரு முழு நாளைக்கு! நாலு கை போட்ட 120 கிராம், இதில் ஏறக்குறைய டபுள்.

குட்டியாக இருந்தால் கதையே வேறு. ஒரு கிலோ குட்டிக்கு 70-ஐ இரண்டரையால் பெருக்க வேண்டும். 175 கலோரி. நாலு கிலோ பெரிய பூனை சாப்பிடுவதில் முக்கால்வாசியை, அதில் கால்வாசி சைஸ் குட்டி காலி செய்யும். வளர்கிற வயசு! அதுக்குக் குட்டிகளுக்கான தனி ஃபுட்தான் கொடுக்கணும், நாளைக்கு மூணு, நாலு தடவையாகப் பிரித்து. கேன்டீன் பின்னால் கண்ணே சரியாகத் திறக்காத குட்டி கிடைத்தால் ட்ரை ஃபுட் வேண்டவே வேண்டாம். நாலு வாரமாவது ஆன பிறகுதான், அதுவும் வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக.

எடை போட மெஷின் இல்லையா? கெமிஸ்ட்ரி லேப் பேலன்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து ஹெச்.ஓ.டி-யிடம் மாட்டாதீர்கள். தெருமுனை மளிகைக் கடைக்கு பாக்கெட்டோடும் ஒரு டம்ளரோடும் போங்கள். ‘அண்ணாச்சி, இதுல 60 கிராம் நிறுத்துக் குடுங்க.’ ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. டம்ளரில் அது எதுவரை நிற்கிறதோ, அங்கே மார்க்கரால் ஒரு கோடு. வேறு பிராண்டுக்கு மாறினால் உருண்டையின் சைஸ் மாறும், கோடும் மாறும். அண்ணாச்சியிடம் மறுபடி ஒரு நடை.

அட்டையைத் திருப்புங்க!

முன்பக்கத்தில் பளபளவென்று ஒரு பூனை, பக்கத்தில் ஒரு முழு மீன். விஷயமெல்லாம் பின்பக்கம்தான், பொடி எழுத்தில். கடையில் நின்று படிக்கக் கூச்சப்படாதீர்கள்.

முதலில் தேட வேண்டிய வார்த்தை ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’. தினசரி முழுச் சாப்பாடு இதுவே போதும் என்று அர்த்தம். அது இல்லாமல் ‘ட்ரீட்’, ‘காம்ப்ளிமென்ட்ரி’ என்றிருந்தால் வெறும் நொறுக்குத் தீனி. பஜ்ஜியை மட்டும் தின்று செமஸ்டர் ஓட்ட முடியுமா?

அடுத்து, சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். சோளம், கோதுமை, அரிசி என்று மூன்று பேர் முன்வரிசையில் உட்கார்ந்து, சிக்கன் கடைசி பெஞ்சில் இருந்தால் யோசியுங்கள். ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்பது வாசனை மட்டும்!

பிறகு புரோட்டீன். அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, ஈரத்தை நீக்கிய கணக்கில் பெரிய பூனைக்கு 26 சதவிகிதம், குட்டிக்கு 30. இங்கே கடையில் கிடைக்கும் ட்ரை ஃபுட்டில் 30 சதவிகிதத்தையொட்டி இருப்பதை எடுத்தால் தப்பில்லை. கெமிஸ்ட்ரி பசங்களுக்கு ஒரு கொசுறு: அந்தப் புரோட்டீன் நம்பர் நேரடியாக அளந்தது இல்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிற, நீங்கள் லேபில் திட்டிக்கொண்டே செய்கிற அதே ஜெல்டால் முறைக் கணக்குதான். 2007-ல் சீனாவிலிருந்து போன கோதுமைப் புரோட்டீனில், இந்த நம்பரை ஏற்றிக் காட்டுவதற்காக மெலமைனைக் கலந்துவிட்டார்கள். அதில் செய்த உணவைத் தின்று அமெரிக்காவில் நாய், பூனைகள் கிட்னி பழுதாகிச் செத்தன. கடைகளிலிருந்து பாக்கெட்டுகளையெல்லாம் திரும்ப அள்ள வேண்டியதாயிற்று. லேபில் படிக்கிற ஒரு கணக்கின் ஓட்டை, எங்கேயோ ஒரு பூனையின் உயிரில் வந்து முடிந்தது!

சில பாக்கெட்டில் கலோரியே போட மாட்டார்கள். விடாதீர்கள். புரோட்டீன், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல்... எல்லாவற்றையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் இல்லையென்றால் 8 என்று வையுங்கள். புரோட்டீனையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு ஏறக்குறைய எத்தனை கலோரி என்று வந்துவிடும்.

அந்தப் பின்பக்கத்திலேயே ‘இத்தனை கிலோ பூனைக்கு இத்தனை கிராம்’ என்று ஒரு டேபிள் இருக்கும். முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. அது வழக்கமாக ஒரு நாள் முழுவதற்குமான அளவு. வேளைக்கு அவ்வளவு என்று போட்டால் தல காலி! உங்கள் கணக்குக்கும் டேபிளுக்கும் கொஞ்சம் வித்தியாசம் வந்தால், குறைவானதில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை பாருங்கள். விலாவில் விரலை வைத்தால் எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது.

காசு விஷயத்துக்கு வருவோம். கிலோ 400 ரூபாய் என்றால், ஒரு நாளைக்கு 24 ரூபாய். ரெண்டு டீ. நாலு பேர் ஷேர் பண்ணினால் ஆளுக்கு ஆறு ரூபாய். அளந்து போட்டால், கொஞ்சம் நல்ல ஃபுட்டே பட்ஜெட்டுக்குள் அடங்கும் என்பதுதான் இதில் லாபம்.

தயிர் சாதம் ஓகேவா?

‘எங்க பாட்டி வீட்டுப் பூனை தயிர் சாதம் சாப்ட்டு நல்லாத்தானே இருந்துச்சு?’ இருந்தது. அது ராத்திரியில் எலி, பல்லி, ஓணான் என்று தனியாக டின்னர் முடித்துக்கொண்டது. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் தலக்கு அந்த வசதி இல்லை. பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிறவி. டாரின் என்கிற சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண் விழித்திரை கெடும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். அந்த இதயக் கோளாறுக்குக் காரணம் டாரின் குறைவுதான் என்று கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தது 1987-ல். பிறகு கேட் ஃபுட்டில் அதைக் கூட்டினார்கள். நாய்க்கு டாரினை உடம்பே தயாரித்துக்கொள்ளும். அதனால் பக்கத்து ரூம் நாயின் பாக்கெட்டை ஓசியில் வாங்கி பூனைக்குத் தினமும் போடுகிற ஐடியாவை இப்போதே கைவிடவும். மீன் குழம்பில் நனைத்த சோறும் வேண்டாம். வெங்காயம், பூண்டு இரண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். பால்? பெரிய பூனைகள் பலவற்றுக்கு வயிற்றால் போகும். ஐஸ்க்ரீமும் வேஸ்ட். இனிப்பை உணர்கிற ஜீனே பூனைக்கு வேலை செய்வதில்லை என்று 2005-ல் கண்டுபிடித்துவிட்டார்கள்!

ட்ரை ஃபுட்டின் பெரிய குறை, தண்ணீர். அதில் ஈரம் 10 சதவிகிதம்கூட இருக்காது. எலியின் உடம்பிலோ பெரும்பகுதி தண்ணீர். அதனால் வீட்டில் ரெண்டு, மூணு இடத்தில் அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்தை விட்டுத் தள்ளி. ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுகூட வரவில்லை என்றால் ‘மலச்சிக்கல்’ என்று விட்டுவிடாதீர்கள். மூத்திரக் குழாய் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். கிளாஸ் கட் அடித்தாலும் பரவாயில்லை, அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். சென்னையில் வேப்பேரி, வெளியூரில் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது.

லூஸில் பாலிதீன் கவரில் கட்டிக் கொடுக்கிற ஃபுட் மலிவுதான். ஆனால் எக்ஸ்பைரி தேதி இல்லை, எப்போது பிரித்தார்கள் என்று தெரியாது, கொழுப்பு காறிப்போயிருக்கலாம். ஒன்றரை மாதத்துக்குள் தீரும் சைஸ் பாக்கெட்டாக வாங்கி, அந்தக் கவரோடு அப்படியே டப்பாவில் போட்டு மூடுங்கள். எறும்புக்கு இருக்கவே இருக்கிறது நம்ம ஊர் டெக்னிக்: தட்டில் தண்ணீர், நடுவில் கிண்ணம்.

தல ஏற்கெனவே குண்டு என்றால், ‘நாளையிலிருந்து பாதிதான்’ என்று அதிரடி வேண்டாம். குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகிவிடும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மெள்ளக் குறையுங்கள். பிராண்டை மாற்றுவதென்றாலும் பழசில் புதுசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கிலோவைக் கொட்டி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவது மகா பாவம். முதல் ரெண்டு நாளில் பாதியைத் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும். அப்புறம் நமுத்ததைத் தொடாது. அது சாப்பிடவில்லை என்று பார்க்க ஆள் இருக்காது. லோக்கல் ஃப்ரெண்ட் ஒருத்தனிடம் சாவியையும் டம்ளரையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையா... ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது!

நாளைக்குக் காலையிலிருந்து ரூமில் ஒரே ரூல். முதலில் எழுகிறவர் கோடு வரை டம்ளரை நிரப்பி ஷெல்ஃபில் வைக்க வேண்டும். யார் போட்டாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், பாக்கெட்டில் கை வைக்கக் கூடாது. ராத்திரி ஒரு மணிக்கு தல காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும். டம்ளரில் மிச்சம் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஒரு நூல் பந்தை உருட்டி விட்டு, பத்து நிமிஷம் அதோடு விளையாடுங்கள். எப்படியும் அந்த யூனிட்டில் தூக்கம் வந்திருக்கும்!