‘நீயாகத்தான் வந்தாயா?’ - குருமடத்தில் பத்து வருடமும் கேட்கப்படும் ஒரே கேள்வி!

ஞாயிறு பூசை முடியப்போகும் நேரம். அறிவிப்பு வாசிக்கும் பங்குத்தந்தை, ஊர்ப் பையன் ஒருவரின் பெயரைச் சொல்கிறார். “இவர் விரைவில் குருப்பட்டம் பெற இருக்கிறார். தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால் தெரிவிக்கவும்.” கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வெளியே ஃப்ளெக்ஸ் பேனர்கூட ரெடி!

இந்த ஒரு நிமிட அறிவிப்புக்குப் பின்னால் சுமார் பத்து, பன்னிரண்டு வருட உழைப்பு இருக்கிறது. டாக்டருக்குப் படிப்பதைவிட நீண்ட படிப்பு. ஆனால், இதில் மார்க் மட்டும் போதாது. பட்டம் கொடுக்கும் நாள்வரை ஒரு கேள்வி துரத்திக்கொண்டே இருக்கும்... ‘நீயாகத்தான் வந்தாயா?’

யார் இந்த ‘பிரதர்’?

கத்தோலிக்கக் குருக்களில் இரண்டு வகை உண்டு. இயேசு சபை, சலேசிய சபை போன்ற துறவற சபைகளைச் சேர்ந்தவர்கள் ஒரு வகை. அந்தச் சபை அனுப்பும் எந்த ஊருக்கும், எந்த நாட்டுக்கும் போவார்கள். இன்னொரு வகை, மறைமாவட்டக் குருக்கள். ஒரு குறிப்பிட்ட மறைமாவட்டத்துக்காக, அதன் ஆயரின் கீழ் பணியாற்றுபவர்கள். நம் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து, கல்யாணம் செய்துவைத்து, அடக்கப் பூசையும் வைக்கும் பங்குத்தந்தைகளில் பெரும்பாலானவர்கள் இவர்கள்தான்.

இதற்காகப் படிக்கும் மாணவர்தான் குருமாணவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘பிரதர்’.

450 வருடப் பழக்கம்

ஒரு காலத்தில் குருவாக விரும்புபவர் வேறொரு குருவிடம் தொழில் பழகுவதுபோலப் பழகிக்கொள்வதும் உண்டு. சிலருக்கு ஒழுங்கான படிப்பே இருக்காது. இதைச் சரிசெய்யத்தான், 1563-ல் திரெந்து பொதுச்சங்கம், மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. உலகெங்கும் உள்ள இன்றைய குருமடங்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

தமிழ்நாட்டுக் குருமாணவர்கள் படிக்கும் இடங்களில் திருச்சி புனித பவுல் குருமடம், பூந்தமல்லி திரு இருதய குருமடம், பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கும் புனித பேதுரு குருமடம் ஆகியவை முக்கியமானவை. புனேவில் உள்ள பாப்பிறைக் குருமடத்துக்கு ஒரு சுவாரஸ்யக் கதை உண்டு. திருத்தந்தை 13-ம் லியோ அதை 1893-ல் தொடங்கியது இலங்கையின் கண்டியில். 1955-ல்தான் அது புனேவுக்கு இடம்பெயர்ந்தது.

என்னென்ன படிக்கிறார்கள்?

இப்போது உலகம் முழுவதும் பின்பற்றப்படும் வழிகாட்டி, 2016 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்டது. அது பயிற்சியை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது.

ஆயத்தக் கட்டம்: ஒரு வருடத்துக்குக் குறையாமல், இரண்டு வருடத்துக்கு மிகாமல். ஜெபம், மொழி, கூட்டு வாழ்க்கை என்று அடித்தளம் போடும் காலம்.

மெய்யியல்: குறைந்தது இரண்டு வருடம். கடவுள் உண்டா, நன்மை தீமை என்றால் என்ன என்று கேள்வி கேட்கப் பழகும் இடம். இந்தியாவில் இந்து, பௌத்தத் தத்துவங்களும் பாடத்தில் உண்டு.

இறையியல்: நான்கு வருடம் என்பது பொதுவான கணக்கு. விவிலியம், திருச்சபை வரலாறு, அறநெறி, திருச்சபைச் சட்டம், மறையுரை ஆற்றும் பயிற்சி எல்லாம் இதில் வரும்.

பணிக் கட்டம்: பங்கிலேயே தங்கி மக்களோடு வேலை. இந்தச் சமயத்தில்தான் திருத்தொண்டர் பட்டம்.

இடையில் கல்லூரிப் பட்டப்படிப்பும், ஒரு வருடக் களப்பணியும் சேரும்போது பத்து வருடத்தைத் தாண்டிவிடும். சட்டப்படி 25 வயது நிறையாமல் குருப்பட்டம் கிடையாது.

அன்றாட வாழ்க்கை மணி அடித்து நடக்கும். விடியற்காலையில் எழுந்து தியானம், பூசை, பிறகு வகுப்பு. மாலையில் தோட்ட வேலை, வாலிபால். இரவு ஜெபத்துக்குப் பிறகு மறுநாள் காலைவரை பேச்சே கிடையாது. வார இறுதியில் ஆஸ்பத்திரி, சிறை, சேரிப் பகுதி, மறைக்கல்வி வகுப்பு என்று வெளியே அனுப்புவார்கள். பரீட்சையில் முதலிடம் வாங்கும் மாணவர், நோயாளியின் கட்டிலருகே என்ன பேசுவதென்று தெரியாமல் திணறுவதும், பெயிலானவர் அங்கே பிரகாசிப்பதும் குருமடங்களில் வழக்கமான காட்சி.

பயிற்சியில் பெண்கள் பங்கேற்பது குருமாணவர்களுக்கு நல்லது என்கிறது 2016 வழிகாட்டி. வகுப்பில் மட்டுமல்ல, பங்கில் வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து பழகுவதும் பயிற்சியின் பகுதிதான். நாளைக்குக் கோயிலில் எதிரே உட்காரப்போகிறவர்களில் பெரும்பகுதி அவர்கள்தானே!

அம்மாவின் நேர்த்தியா, மகனின் ஆசையா?

சிக்கலான இடம் இதுதான். ‘பிள்ளை பிழைத்தால் சாமியாருக்கு விடுகிறேன்’ என்று வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்ட அம்மாக்கள் நம் ஊரில் உண்டு. ‘வீட்டுக்கு ஒரு சாமியார் இருந்தால் மூணு தலைமுறைக்குப் புண்ணியம்’ என்று சொல்லும் பாட்டிகளும் உண்டு. அந்தப் பாசத்தில் தப்பில்லை. ஆனால், நேர்ந்துகொண்டவர் வேறு, வாழப்போகிறவர் வேறு.

1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதில் கறாராக இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும், எந்த வகையிலும் ஒருவரைக் குருப்பட்டம் பெறக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதோடு விடவில்லை. திருத்தொண்டர் பட்டத்துக்கு முன்பும், குருப்பட்டத்துக்கு முன்பும், ‘நானாக, சுதந்திரமாகத்தான் இதைக் கேட்கிறேன்’ என்று மாணவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு ஆயரிடம் தர வேண்டும். டைப் அடித்த படிவம் போதாது. சொந்தக் கையெழுத்து!

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் ஆன்ம குரு ஒருவர் இருப்பார். பயம், சந்தேகம், காதல் என எதையும் அவரிடம் மனம்விட்டுச் சொல்லலாம். மாணவரைப் பட்டத்துக்கு அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது, அந்த ஆன்ம குருவின் கருத்தையோ, பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவின் கருத்தையோ கேட்கவே கூடாது என்பது சட்டம். ‘சொன்னால் அதிபர் காதுக்குப் போய்விடுமோ’ என்ற பயம் இருந்தால் யார்தான் உண்மையைப் பேசுவார்கள்?

கடைசி வாசல்

திருத்தொண்டர் பட்டம்தான் கோடு. அன்றுதான் மணத்துறவையும், ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் எல்லோர் முன்பும் ஏற்கிறார். அதுவரை எந்த நாளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். அதற்குப் பிறகு மணத்துறவிலிருந்து விடுபட திருத்தந்தையின் அனுமதி வேண்டும்.

சட்டப்படி கதவு திறந்திருக்கிறது. ஆனால், ஊர்? எட்டாவது வருடத்தில் திரும்பி வரும் பையனைப் பற்றித் தெருமுனையில் என்ன பேசுவார்கள் என்று நமக்குத் தெரியும். ‘என்ன தப்பு பண்ணினானோ?’, ‘விரட்டிட்டாங்களாம்!’ அந்தப் பேச்சுக்குப் பயந்தே சிலர் வெளியேறத் தயங்குகிறார்கள். மனமில்லாமல் குருவாகும் ஒருவரால் அவருக்கும் நிம்மதி இல்லை, பங்குக்கும் நிம்மதி இல்லை.

யோசித்துப் பார்த்தால், திரும்பி வருபவர் எதையும் இழக்கவில்லை. தத்துவம் படித்திருக்கிறார், மேடையில் பேசத் தெரியும், நோயாளியின் கையைப் பிடிக்கத் தெரியும். பயிற்சியின் வேலையே உண்மையைக் கண்டுபிடிக்க வைப்பது. ‘இது என் வழி இல்லை’ என்பதும் ஓர் உண்மைதான்.

திணறியவர்களுக்கும் முன்னுதாரணம் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த ஜான் மரிய வியான்னிக்கு லத்தீன் ஏறவே இல்லை. குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். ஆனாலும் விடாமல் தயாரானவர் 1815-ல் குருவானார். ஆர்ஸ் என்ற சிற்றூரின் பங்குத்தந்தையான அவர்தான், இன்று பங்குத்தந்தையரின் பாதுகாவலர்!

நாம் என்ன செய்யலாம்?

கோடை விடுமுறைக்கு பிரதர் வீட்டுக்கு வருவார். கல்யாண வீடு, கோயில் வாசல், டீக்கடை என்று எங்கே பார்த்தாலும் அவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “பிரதர், எப்போ பட்டம்?”

அந்தக் கேள்வியை இந்த முறை விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, “நல்லா இருக்கியாப்பா?” என்று கேளுங்கள். பதிலையும் பொறுமையாகக் கேளுங்கள். பட்டம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த வீடு உனக்கு இருக்கிறது என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஆயருக்கு எழுதும் அந்தக் கடிதத்தை அவர் கை நடுங்காமல் எழுதுவார்.